மாரிக்கும் உப்புக்கும் தாங்கும் வெளிச்சுவர்: மட்டக்களப்பில் புது வீடு கட்டுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெளிச்சுவருக்கு எந்த வாட்டர்புரூஃப் அடிப்பது என்ற கேள்வி பெரும்பாலும் பெயின்ட் கடையில்தான் எழுகிறது. அதற்குள் அத்திவாரம் போட்டு, கல் கட்டி, கூரை ஏற்றி, பூச்சும் முடிந்திருக்கும். ஈரத்தைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கு அந்தக் கட்டங்களில்தான் நன்றாகவோ மோசமாகவோ நடந்து முடிகிறது. அதனால் இந்த வழிகாட்டியை வீட்டுப் பிளான் கையில் இருக்கும்போதே படியுங்கள். பெயின்ட் பற்றிய பகுதி பிற்பாதியில்தான் வரும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான். எங்கள் பக்கத்துச் சுவர் கார்த்திகை, மார்கழியில் எப்படியும் கொஞ்சம் நனையும். அந்த ஈரம் மாரி முடிந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் முழுவதுமாக வெளியேற வேண்டும். உள்ளே வரும் ஈரத்தைக் குறைப்பது ஒரு பாதி வேலை. வந்தது வெளியே போக வழி வைப்பது மற்றப் பாதி. கடைக்காரர் விற்கும் பொருட்களில் பல முதல் பாதியை மட்டுமே கவனிக்கின்றன. சுவரை இரண்டு பக்கமும் இறுக்கி மூடினால் உள்ளே போன தண்ணீர் அங்கேயே கிடந்து, உப்பைக் கரைத்து, பூச்சை உதிர்க்கும்.

ஈரம் எந்த வழியால் வருகிறது

நான்கு வழிகள் உண்டு. பலம் கூடியதிலிருந்து சொன்னால்: காற்றோடு அடிக்கும் மழை, நிலத்திலிருந்து சுவருக்குள் ஏறும் தண்ணீர், இடுக்குகளால் புகும் ஈரக்காற்று, கடைசியாகச் சுவரின் பொருளுக்கூடாகவே மெதுவாக ஊடுருவும் நீராவி. செலவையும் கவனத்தையும் இதே ஒழுங்கில்தான் பங்கிட வேண்டும். நாலாவதற்கு விலை கூடிய சீட் வாங்கிவிட்டு முதலாவதைக் கோட்டைவிடும் வீடுகளைத்தான் அதிகம் காண்கிறோம்.

காணியில் நின்று திசையைப் பாருங்கள். எங்களுக்குப் பெருமழை வாடைக் காற்றோடு வருகிறது. வடக்கும் கிழக்கும் பார்த்த சுவர்கள்தான் அடியை வாங்கும். மேற்குச் சுவருக்கு வெயில் அதிகம், மழை குறைவு. கல்லடி, நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று நீளும் எழுவான்கரையில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. மணல் நிலம், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர், காற்றிலும் உப்பு. கல்முனை, தம்பிலுவில், திருக்கோவில் கரையோரத்திலும் இதே நிலைதான். வாவிக்கு மேற்கே வவுணதீவு, கொக்கட்டிச்சோலை போன்ற படுவான்கரை ஊர்களில் உப்புக் காற்று குறைவு, ஆனால் வெள்ளம் தேங்கும் பள்ளக்காணிகள் அதிகம். எழுவான்கரை வீட்டுக்கு உப்பும், படுவான்கரை வீட்டுக்கு வெள்ள மட்டமும் முதல் எதிரி என்று வைத்துக்கொண்டு, பிளானில் வடக்கு, கிழக்குச் சுவர்களைச் சிவப்புப் பேனாவால் குறித்துவிடுங்கள்.

அத்திவாரத்தில்: நிலத்து ஈரத்தை வெட்டுவது

கருங்கல் அத்திவாரத்துக்கு மேலே, முதல் வரிசைக் கல் வைக்கும் முன் போடும் ஈரத்தடுப்புப் படைக்கு வேலைத்தளத்தில் டிபிசி என்றுதான் பெயர். எல்லா வீட்டிலும் போட்டதாகச் சொல்வார்கள். எப்படிப் போட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

நல்ல முறை இது. ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மண் சேர்த்த சாந்தை 20 மில்லிமீற்றர் தடிப்பில், சுவரின் முழு அகலத்துக்கும் இழுக்க வேண்டும். அது இறுகிக் காய்ந்த பிறகு தாரைச் சூடாக்கி இரண்டு தரம் பூச வேண்டும், ஒன்று காய்ந்த பின் மற்றது. இரண்டாவது பூச்சு ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே மேலே காய்ந்த மண்ணைத் தூவிவிட வேண்டும். அப்போதுதான் அடுத்த வரிசைச் சாந்து பிடிக்கும். கதவு வரும் இடத்தில் இதை விட்டுவிட்டுப் போவார்கள். அங்கும் தொடர்ந்து போடச் சொல்லுங்கள், கதவு நிலையின் கால் உக்குவது அந்த இடைவெளியால்தான். தார் ஈரமான சாந்தில் ஒட்டாது. முதல்நாள் பின்னேரம் சாந்து இழுத்து மறுநாள் காலையே தார் பூசினால் உரிந்து வரும்.

டிபிசி, வெளியே முடிவாக நிற்கப்போகும் நில மட்டத்திலிருந்து ஆகக் குறைந்தது 6 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும். இப்போது தெரியும் நிலத்தை வைத்து அளக்காதீர்கள். பின்னால் முற்றத்துக்கு மண் நிரப்புவீர்கள், கல் பதிப்பீர்கள், ரோட்டும் காலப்போக்கில் உயரும். பள்ளக்காணி என்றால் 2011 தை மாத வெள்ளம் எதுவரை வந்தது என்று அயலில் இருக்கும் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய மதிலில் கறைக்கோடு இருந்தால் அதைவிட நம்பகமான அளவு கிடையாது. வீட்டு நிலம் அந்தக் கோட்டுக்கு மேலே நிற்க வேண்டும்.

நிலத்துக்குக் கொங்கிறீட் போடும் முன் 1000 கேஜ் பொலித்தீன் விரிக்க வேண்டும். அது கால் மில்லிமீற்றர் தடிப்பு உள்ளது, சாதாரண மூடுசீட் இதற்கு ஆகாது. கருங்கல் முனைகள் குத்தாமல் இருக்க அடியில் மெல்லியதாக மண் பரப்புங்கள். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று 6 அங்குலமாவது ஏற வேண்டும். ஓரத்தை மேலே மடித்து டிபிசியோடு சேர்த்துவிடுங்கள். இந்தச் சேர்க்கை இல்லாவிட்டால் நிலத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள மூலையால் ஈரம் ஏறி, உள்ளே கல் வரிசை ஒன்றின் உயரத்துக்குப் பெயின்ட் கொப்புளிக்கும்.

இனி, நன்றாகப் போட்ட டிபிசியையும் வீணாக்கும் ஒரு பழக்கம். வெளிப்பூச்சை அழகுக்காக நிலம் வரை ஒரே தாளாக இழுத்துவிடுவார்கள். பூச்சும் சாந்துதான், தண்ணீரை உறிஞ்சும். டிபிசியைச் சுற்றிக்கொண்டு நிலத்து ஈரம் பூச்சு வழியே மேலே ஏறிவிடும். அதனால் வெளிப்பூச்சை டிபிசி மட்டத்தில் நிறுத்தி, ஒரு காடி வெட்டி, அதற்குக் கீழே அத்திவாரப் பகுதிக்குத் தனியாகப் பூசச் சொல்லுங்கள். வாசற்படி, பூப்பாத்தி, பின்னால் கட்டும் மதில், இவை சுவரோடு முட்டும் இடங்களிலும் இதே ஆபத்து உண்டு.

கல், மண், தண்ணீர்

வெளிச்சுவருக்கு 6 அங்குலச் சீமெந்துக் கல் போதும், 4 அங்குலம் வேண்டாம். செங்கல் என்றால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். சீமெந்துக் கல்லில் ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய உடனே ஒரு சொட்டும் வழியாமல் உள்ளே இழுத்துவிட்டால் அதில் சீமெந்து குறைவு. மூலையை நகத்தால் சுரண்டும்போது மண் உதிர்ந்தாலும் வாங்காதீர்கள். கட்டும்போது கிடை இடைவெளிகளை மட்டும் நிரப்பி, செங்குத்து இடைவெளிகளை மேலால் தடவிவிட்டுப் போகும் வேலையும் உண்டு. வெளிச்சம் தெரியும் ஒவ்வோர் இடைவெளியும் நாளை மழை வரும் வழி, அப்போதே அடைக்கச் சொல்லுங்கள்.

கரையோரத்தில் கடல் மண்ணும் வாவி மண்ணும் சுலபமாகக் கிடைக்கும். இரண்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொண்டு சுவரை எப்போதும் நசநசவென்று வைத்திருக்கும். அப்படிக் கட்டிய சுவரை எந்தப் பெயின்டும் காப்பாற்றாது. ஆற்று மண்ணிலும் சேறு இருக்கலாம். கண்ணாடிப் போத்தலில் பாதிக்கு மண் போட்டு, ஒரு கரண்டி உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி, குலுக்கி, 3 மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் சேற்றுப் படை, மண் உயரத்தில் 8 வீதத்தைத் தாண்டினால் அந்த லோட்டைத் திருப்பி அனுப்புவது நல்லது.

கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் கலவைக்கும் வேண்டாம், சுவர் நனைக்கவும் வேண்டாம். இதைப் பலர் கவனிப்பதில்லை. நல்ல மண், நல்ல சீமெந்து வாங்கிக் கொடுத்துவிட்டு, பூச்சு இறுகும்வரை உவர்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். ஒரு மாதத்தில் வெள்ளையாய் உப்புப் பூக்கும்.

கூரை விளிம்பு

சுவருக்கு வாங்கக்கூடிய ஈரத்தடுப்புகளில் நீண்ட தாழ்வாரத்துக்கு நிகரானது எதுவுமில்லை. இரண்டரை, மூன்று அடி வெளியே நீண்ட கூரை சுவரின் மேற்பாதியை நனையவிடாது. எங்கள் பழைய ஓட்டு வீடுகள் பலவற்றின் சுவர்கள் வெறும் சுண்ணாம்புப் பூச்சோடு இத்தனை காலம் நின்றது இதனால்தான். இப்போது எல்லோரும் கேட்கும் பெட்டி வடிவ வீட்டில் தாழ்வாரமே இல்லை. அந்த வடிவம்தான் வேண்டும் என்றால் சுவருக்கான மற்றச் செலவுகள் கூடும் என்பதை ஒப்புக்கொண்டு முடிவெடுங்கள். என் சொந்த விருப்பம் ஓட்டுக்கூரைதான், தயங்காமல் சொல்வேன்.

ஒரு எச்சரிக்கை. 1978 கார்த்திகை (நவம்பர்) 23 சூறாவளியை மட்டக்களப்பில் யாரும் மறக்கவில்லை. நீண்ட தாழ்வாரத்தைக் காற்று அடியிலிருந்து தூக்கும். வளைமரமும் சுவர்ப் பீமும் கம்பிப் பட்டியால் இறுக்கிக் கட்டப்பட வேண்டும், ஓர ஓடுகளும் ஆணியோ கம்பியோ கொண்டு பிடிக்கப்பட வேண்டும்.

பீலி வைத்தால் தண்ணீர் எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். குழாய் வாய் அத்திவாரத்தடியில் கொட்டினால் மேலே மிச்சப்படுத்தியதைக் கீழே கெடுத்துவிடும்.

வெளிப்பூச்சு: மழைக்கும் காற்றுக்கும் ஒரே தடை

எங்கள் வகைச் சுவரில் மழைத்தடை, காற்றுத்தடை இரண்டும் பூச்சுதான். பூசாத சீமெந்துக் கல் சுவர் கண்ணுக்கு முழுமையாகத் தெரிந்தாலும் அதற்கூடாகக் காற்றும் தண்ணீரும் தாராளமாகப் போகும்.

கலவையில் சீமெந்தைக் கூட்டினால் பூச்சு பலமாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சீமெந்து கூடிய பூச்சு காயும்போது அதிகமாகச் சுருங்கி மயிர்போல வெடிக்கும். தண்ணீர் அந்த வெடிப்பால் உள்ளே போய், அடர்ந்த பூச்சுக்குள் இருந்து வெளியே வரமுடியாமல் நிற்கும். வெளிப்புறத்துக்கு ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஐந்து பங்கு மண் என்ற பழைய கணக்கு நன்றாக வேலை செய்கிறது. சுண்ணாம்பு பூச்சைக் கொஞ்சம் நெகிழ்வாக வைத்திருக்கும், ஈரத்தையும் வெளியே விடும். சிவப்புப் பேனாவால் குறித்த வடக்கு, கிழக்குச் சுவர்களுக்கு இரண்டு படையாகப் பூசுங்கள். மேற்படை அடியிலுள்ள படையைவிடச் சீமெந்து குறைந்ததாக இருக்க வேண்டும், ஒருபோதும் கூடியதாக இருக்கக்கூடாது.

கொங்கிறீட் தூணும் கல்லும் சேரும் கோட்டில் கட்டாயம் வெடிக்கும். இரண்டும் வெப்பத்துக்கு வெவ்வேறாக விரிகின்றன. அந்தக் கோட்டின் இரு பக்கமும் 4 அங்குலம் போகும்படி கோழி வலையை ஆணியடித்து அதன்மேல் பூச வேண்டும். கதவு, யன்னலுக்கு மேலே போகும் லிண்டல், பீம் ஓரங்களுக்கும் இதேதான்.

முடிக்கும்போது சீமெந்துப் பால் பூசி வழுவழுப்பாக்குவது வெளிச்சுவருக்குக் கூடாது. மெல்லிய அந்தத் தோல் கண்ணாடிபோல் நுண்ணியதாக வெடிக்கும். மரக்கட்டையால் தேய்த்துச் சற்றுச் சொரசொரப்பாக விட்டால் பெயின்டும் பிடிக்கும்.

கச்சான் மாதங்களில் பூசினால் காலையில் மேற்குச் சுவர், பின்னேரம் கிழக்குச் சுவர் என்று நிழல் பக்கமாகப் பூசுங்கள். முன்னதாகக் கல்லை நனைக்க வேண்டும். அப்புறம் 7 நாள் நல்ல தண்ணீரால் ஈரமாக வைத்திருக்க வேண்டும். வரண்ட காற்றில் ஒருநாள் தவறினாலே பூச்சு வெடிக்கும்.

இன்னொன்று. சீலிங் வரப்போகும் மட்டத்தோடு உட்பூச்சை நிறுத்திவிடுவது மேசன்மாரின் வழக்கம், கேட்டால் 'மேலே யார் பார்க்கப்போகிறார்கள்' என்பார்கள். அங்கே திறந்திருக்கும் கல்லுக்கூடாக வெளிக்காற்று சீலிங்குக்கு மேலும், கல்லின் பொந்துகளுக்குள்ளும் ஓடும். ஏசி போடப்போகும் அறையாவது இருந்தால் உட்பூச்சைப் பீம் வரை கொண்டுபோகச் சொல்லுங்கள். வயர் குழாய்க்கு வெட்டிய காடிகளையும், ஏசிக் குழாய் போகும் ஓட்டையையும் முழுமையாக அடைக்க வேண்டும்.

யன்னல் நிலையைச் சுற்றி

மழை உள்ளே வந்ததாகச் சொல்லும் வீடுகளில் முதலில் யன்னலின் கீழ் மூலைகளைப் பாருங்கள். யன்னலுக்கு மேலுள்ள சன்ஷேட் ஒன்றரை, இரண்டு அடி நீளட்டும், மேற்பரப்பு வெளியே சரியட்டும். அடிப்பக்க விளிம்பில் விரல் அகலக் காடி ஒன்று விடச் சொல்லுங்கள். ஓடிவரும் தண்ணீர் அந்தக் காடியில் சொட்டிவிடும், சுவருக்குத் திரும்பி ஓடாது. யன்னலின் கீழ்ப்படியும் வெளியே சரிந்து, சுவரைத் தாண்டி இரண்டு அங்குலம் நீண்டு, அதேபோல் காடியோடு இருக்க வேண்டும்.

நிலைக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சாந்தால் இறுக்கி, வெளி ஓரத்தில் பெயின்ட் பிடிக்கும் வகை சீலன்ட் ஒரு வரி இடுங்கள். அலுமினிய யன்னலின் அடிச்சட்டத்தில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இருக்கும். பொருத்துபவர் அவசரத்தில் அவற்றின்மேலும் சிலிக்கன் இழுத்துவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்ட் அடிக்கும் முன் ஹோஸ் சோதனை செய்யுங்கள். கீழ்ப்படியில் தொடங்கி, பத்து நிமிடம் அடித்து, உள்ளே ஒருவர் பார்க்க, பிறகு பக்கங்கள், கடைசியாக மேல் விளிம்பு. மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

இப்போது பெயின்டும் வாட்டர்புரூஃபும்

பூச்சு முடிந்து நான்கு கிழமையாவது காயவிடுங்கள். அதன்பிறகு காரத்தைத் தாங்கும் வெளிச்சுவர் பிரைமர் ஒன்று, மேலே தண்ணீர் கலந்து அடிக்கும் வெளிப்புற எமல்ஷன் இரண்டு தரம். பெரும்பாலான வீட்டுக்கு இவ்வளவே போதும். நல்ல எமல்ஷன் மழைத்துளியை நிறுத்தும், ஆனால் நீராவியை வெளியே விடும். எனாமல் போன்ற எண்ணெய்ப் பெயின்ட் அப்படி விடாது, சுவரில் கொப்புளித்து உரியும். உள்ளறைக்கு விற்கும் புட்டியை வெளியே பூசினால் முதல் மாரியிலேயே கரைந்து வரும்.

ரப்பர் போல இழுபடும் தடித்த பூச்சுகளைக் கடையில் ஆர்வமாகக் காட்டுவார்கள். சிறு வெடிப்புகளை அவை மூடுவது உண்மைதான். ஆனால் மேலால் ஒரு இடத்தில் தண்ணீர் பின்னே போய்விட்டால் பலூன் மாதிரி ஊதி நிற்கும். தட்டுக்கூரையின் மதிற்சுவர் போன்ற இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், வீடு முழுவதற்கும் வேண்டாம்.

செங்கல்லைப் பூசாமல் அழகுக்கு விடுபவர்களுக்கு நிறமில்லாத சிலேன்-சிலொக்சேன் திரவம் பொருத்தம். கல்லின் துளைகளை அடைக்காமல் தண்ணீரை மட்டும் உருட்டிவிடும். வெடிப்பை அது மூடாது, நிலத்து ஈரத்தையும் நிறுத்தாது. தார்ப் பூச்சு மண்ணுக்குள் இருக்கும் பகுதிக்கு மட்டும். குளியலறைச் சுவரின் உட்புறத்துக்குச் சீமெந்து வகை இரு பாகக் கலவை.

ஏசி அறையும் கனடாவிலிருந்து வரும் ஆலோசனையும்

வெளிநாட்டில் வீடு வைத்திருக்கும் மச்சானோ சித்தப்பாவோ, 'சுவரின் உட்பக்கம் பொலித்தீன் அடித்தாயா' என்று கேட்பார். அவர் ஊருக்கு அது சரி. குளிர்காலத்தில் அங்கே சூடும் ஈரமும் வீட்டுக்குள்ளே, நீராவி உள்ளேயிருந்து வெளியே போகும், அதை உட்பக்கத்திலேயே மறிக்கிறார்கள். இங்கே ஏசி அறையில் நிலைமை நேர் எதிர். ஈரம் வெளியே, குளிர் உள்ளே, நீராவி வெளியிலிருந்து உள்ளே வருகிறது. உட்பக்கத்தில் பொலித்தீன், வினைல் வோல்பேப்பர், எண்ணெய்ப் பெயின்ட் எது இருந்தாலும் நீராவி அதன் பின்புறத்தில் முட்டித் தண்ணீராகும்.

கணக்கையும் சொல்கிறேன். வெளிக்காற்று 30 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 80 வீதம் என்றால், ஏறக்குறைய 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் அந்தக் காற்று தண்ணீரை விடும். 24 பாகையில் ஓடும் அறையின் சுவருக்கு அது நேரும். எனவே ஏசி அறைச் சுவரின் உட்பக்கத்துக்குச் சாதாரண எமல்ஷன் மட்டும். அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு அங்குலம் தள்ளுங்கள், பின்னால் பூஞ்சணம் பிடிப்பது நிற்கும். காற்றோட்டக் கல், யன்னல் மேலுள்ள வலை, சீலிங் பலகை இணைப்பு, லைட் ஓட்டை, இவை எல்லாவற்றையும் அந்த அறைக்கு மட்டும் அடைக்க வேண்டும். இடுக்கால் காற்றோடு வரும் ஈரம், சுவருக்கூடாக ஊறி வருவதைவிடப் பல மடங்கு. ஏசி இல்லாத அறைகளில் இந்த அடைப்பு வேலையே வேண்டாம், காற்று தாராளமாக ஓடட்டும்.

இரும்புச் சட்டத்தில் மேல்மாடி கட்டினால்

டைவெக் போன்ற சுவர்த்துணிகள் தேவைப்படும் ஒரே இடம் இதுதான். இரும்புச் சட்டத்துக்கு வெளியே ஃபைபர் சீமெந்துப் பலகை அடிக்கும் சுவரில் பூச்சு என்ற தடை இல்லை, அந்த வேலையைத் துணி செய்ய வேண்டும். தண்ணீரை நிறுத்தி நீராவியை விடும் வகையைக் கேட்டு வாங்குங்கள், பொலித்தீன் வேண்டாம். கீழிருந்து மேலாக, மேல்துண்டு கீழ்த்துண்டின்மேல் 6 அங்குலம் ஏறும்படி சுற்ற வேண்டும். யன்னலில் முதலில் அடிப்படி, பிறகு பக்கங்கள், கடைசியில் மேல்பக்கம் என்று பட்டி ஒட்ட வேண்டும். துணிக்கும் பலகைக்கும் நடுவில் 20 மில்லிமீற்றர் இடைவெளி, கீழே தண்ணீர் வடியத் திறப்பு, அதில் பூச்சிவலை. கரையோரம் என்றால் ஆணியும் திருகாணியும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

நாட்காட்டியும் முதல் மாரியும்

மாசி, பங்குனியில் அத்திவாரம் தொடங்கினால் ஆடிக்குள் வெளிப்பூச்சு முடியும், புரட்டாதிக்குள் பெயின்ட் முடியும். ஐப்பசியில் ஈரச் சுவருக்கு அவசரமாகப் பெயின்ட் அடிப்பதைவிட, பெயின்ட் இல்லாமல் ஒரு மாரியைக் கடப்பது மேல்.

முதல் மாரியில் எங்காவது கறை தெரிந்தால் உடனே எதையாவது பூசாதீர்கள். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஓரடிச் சதுரத் தெளிவான பொலித்தீனைக் கறையின்மேல் வைத்து நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் துளி இருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது, அதற்குக் காற்றோட்டம்தான் மருந்து. கறை நிலத்திலிருந்து மேலே ஏறினால் டிபிசியை யாராவது மண்ணால் மூடியிருக்கிறார்களா என்று வெளியே போய்ப் பாருங்கள், யன்னல் மூலையிலிருந்து கீழே இறங்கினால் ஹோஸை எடுங்கள். திருத்த வேலையை வைகாசிக்குப் பிறகு, சுவர் காய்ந்ததும் செய்யுங்கள். அதற்குப் பின் ஒவ்வொரு புரட்டாதியிலும் பீலியைத் துப்பரவாக்கி, யன்னல் சீலன்ட் விட்டுப்போன இடங்களைச் சுரண்டி எடுத்துப் புதிதாக இட்டு, சுவரடியில் ஏறிய மண்ணை டிபிசிக்கு 6 அங்குலம் கீழே வரை வெட்டி இறக்கிவிடுங்கள்.